ஏர் ஃபில்டரை மாற்றினால் பிக்கப் கூடுமா?

வாசகர் கேள்வி – பதில்

டயர், பேட்டரி, இன்ஷூரன்ஸ் என்று கலந்து கட்டிப் பதில் சொல்வதுதான் இந்தப் பகுதியின் வழக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இன்ஜினுக்குக் காற்று போகும் வழியைப் பற்றியே இருந்ததால், மற்றவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, என்னிடம் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் இருக்கிறது. கம்பெனி கொடுத்த ஃபில்டர் டப்பாவையே கழற்றிவிட்டு, கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர் மாட்டினால் பத்து குதிரைத்திறன் கூடும் என்று கடையில் சொல்கிறார்கள். நண்பன் வண்டியில் போட்டிருக்கிறான், ஓட்டிப் பார்த்தேன், நிஜமாகவே சீறுகிறது. போடலாமா?
– மார்த்தாண்டம் வாசகர்

சீறுவது சத்தம்தான், தம்பி. வண்டி முன்பு போன வேகத்தில்தான் போகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் கனம், காற்று லேசு, அதனால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கு மேல் காற்று போகிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய்ச் சேர நாலு லிட்டர் பெட்ரோல் ஆகிறது என்று வையுங்கள், 36,000 லிட்டர் காற்று அந்த ஃபில்டர் வழியாகப் போய்விட்டது. ஆக, காற்று முக்கியம், கூடுதலாகக் காற்று போனால் கூடுதலாகப் பெட்ரோலை எரிக்கலாம், பவரும் கூடும். கடைக்காரர் சொல்வதில் இது வரைக்கும் பொய் இல்லை.

ஆனால் அந்தக் காற்றை யார் தடுக்கிறார்கள்? சுத்தமான காகித ஃபில்டர் போடுகிற தடை, இன்ஜின் உச்ச வேகத்தில் முழுசாக இழுக்கும்போதுகூட, வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். 1.2 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3,000 லிட்டருக்கு மேல் காற்று இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்கும்படிதான் கம்பெனிக்காரன் மடிப்பு மடிப்பாகக் காகிதத்தை அடைத்து வைத்திருக்கிறான், விரித்துப் பார்த்தால் அவ்வளவு பரப்பு இருக்கும். குழித்துறைப் பாலத்தில் 2,000 ஆர்பிஎம்மில் லேசாக மிதித்துக்கொண்டு ஊர்ந்து போகும்போது அதில் கால் பங்கு காற்றுகூடத் தேவைப்படாது, தடையும் கிட்டத்தட்டப் பூஜ்யம். அந்த நேரத்தில் காற்றை உண்மையிலேயே மறித்துக்கொண்டிருப்பது த்ராட்டில் தகடு, அதாவது காற்றுக் குழாய்க்குள் கதவு மாதிரி திறந்து மூடுகிற தகடு. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது (ஐடிலிங்) அந்தத் தகட்டுக்கு இன்ஜின் பக்கம் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிப்பது என்பதே அந்தத் தகட்டைத் திறப்பதுதான். அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டரில் ஒரு சதவீதத்தை மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது, காலை ஒரு நூல் கூடுதலாக அழுத்தினால் அது வந்துவிடும். ஃபில்டரே இல்லாமல் ஓட்டினாலும் 80 சொச்சம் குதிரைத்திறன் இன்ஜினில் ஒன்றிரண்டுக்கு மேல் தேறாது. பத்து எங்கிருந்து வரும்?

இதைவிடப் பெரிய சங்கதி, நீங்கள் கழற்றி எறியப் போகிற அந்தக் கறுப்பு டப்பா. ஃபில்டரை வைக்க ஒரு பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அதன் குழாய் எங்கே போகிறது என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கிரில்லுக்குப் பின்னால், அல்லது ஹெட்லைட் பக்கமாக, வெளிக்காற்று நேராகப் படுகிற இடத்தில் வாயை வைத்திருப்பார்கள். அங்கே வருவது 30 டிகிரி காற்று. கூம்பு ஃபில்டர் உட்காருவது இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், பானெட்டுக்கு அடியில், மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது அங்கே காற்று 60 டிகிரியைத் தொடும். காற்று சூடானால் விரியும், கனம் குறையும்; 30 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் அடர்த்தி 9 சதவீதம் குறைந்துவிடுகிறது. சூடான காற்றைப் பார்த்ததும் இன்ஜின் கம்ப்யூட்டர், ‘நாக்’ அடிக்கக் கூடாது, அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டக் கூடாது என்று, ஸ்பார்க் அடிக்கிற நேரத்தையும் (இக்னிஷன் டைமிங்) பின்னுக்கு இழுக்கும். ஒரு சதவீதத்தைப் பிடிக்கப் போய் ஒன்பதை விடுகிற வேலை. அதுவும் நீங்கள் முழுசாக மிதித்து ஓவர்டேக் பண்ணப் போகிற நேரத்தில்.

சத்தம் ஏன் கூடுகிறது என்றால், அந்தக் குழாயில் எதற்கென்றே தெரியாமல் ஒரு காலிக் குடுவை தொங்கிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அது ரெசொனேட்டர். வால்வு திறந்து மூடும்போது உறிஞ்சும் குழாயில் காற்று அலை அலையாக முன்னும் பின்னும் அடிக்கும். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் சத்தம் வருமே, அதே கணக்கில் அந்தக் குடுவை ஒரு குறிப்பிட்ட அலைவரிசையை எடுத்து அமுக்கிவிடுகிறது. அதைக் கழற்றினால் அமுங்கி இருந்த உறுமல் வெளியே வரும். காதுக்கு அது வேகமாகத் தெரியும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் நண்பன் வண்டியில் 40-லிருந்து 80 வரை போக எத்தனை நொடி என்று மொபைலில் அளந்து பாருங்கள், அப்புறம் பழைய டப்பாவை மாட்டி அதே ரோட்டில் அதே கியரில் இன்னொரு தடவை. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், நேரான ரோட்டில் மட்டும் செய்யுங்கள்.

ரேஸ் வண்டிகளில் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், கம்ப்யூட்டர் மேப் எல்லாவற்றையும் மாற்றி, எந்நேரமும் உச்ச ஆர்பிஎம்மில் ஓட்டுகிறார்கள், சில மணி நேரத்தில் இன்ஜினைப் பிரித்தும் விடுகிறார்கள். உங்கள் வண்டி பத்து வருஷம் ஓட வேண்டியது. பணம் கையில் இருந்தால் நல்ல டயர் வாங்கிப் போடுங்கள்.

எங்கள் வீடு மணவாளக்குறிச்சி கடற்கரைப் பக்கம். ரோட்டில் எப்போதும் மணல். வாரம் ஒரு தடவை ஃபில்டரைக் கழற்றி, பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிக்கிற ஹோஸை வைத்து ஊதிவிடுகிறேன். மெக்கானிக் வேண்டாம் என்கிறார். சுத்தமாக வைத்திருப்பது தப்பா?
– மணவாளக்குறிச்சி வாசகர்

மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள் அண்ணாச்சி.

உங்கள் ஊர் மணலைப் பற்றி உலகத்துக்கே தெரியும், இல்மனைட், ஜிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்த மணல், அதற்காகவே அங்கே மத்திய அரசு ஆலை இருக்கிறது. இதில் கார்னெட்டை உப்புத்தாள் மாதிரி தேய்ப்புக் காகிதம் செய்யவே பயன்படுத்துகிறார்கள், ஜிர்கானும் கிட்டத்தட்ட அதே அளவு கடினம். அதனால் நீங்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மணல் துகள் இன்ஜினுக்கு அவ்வளவு பெரிய எதிரி இல்லை. அது கனம், டப்பாவின் அடியிலேயே விழுந்துவிடும், காகிதத்தைத் தாண்டவே தாண்டாது. இன்ஜினைக் கொல்வது 5-லிருந்து 20 மைக்ரான் வரை இருக்கிற தூசு. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான், அப்படியானால் இது எவ்வளவு பொடி என்று பாருங்கள். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் இருக்கிற ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். அந்த இடைவெளிக்குள் நுழைகிற அளவுத் தூசுதான் இரண்டு பக்கத்தையும் அரைத்து எடுக்கும். அப்புறம் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், கம்ப்ரஷன் இறங்கும்.

இப்போது, வாரம் ஒரு தடவை ஊதுவது ஏன் கெடுதல்? காகித ஃபில்டர் புதிதாக இருக்கும்போதைவிடக் கொஞ்சம் அழுக்கான பிறகுதான் நன்றாக வடிகட்டும். முதலில் வந்து ஒட்டிய தூசு காகிதத்தின் துளைகளைச் சிறிதாக்கி, தானே இன்னொரு வடிகட்டியாக மாறிவிடுகிறது. நீங்கள் அதை வாராவாரம் ஊதித் தள்ளினால் ஒவ்வொரு தடவையும் பழைய நிலைக்கே கொண்டுவருகிறீர்கள். 99 சதவீதம் பிடிக்கிற ஃபில்டர் 98 சதவீதம் பிடிக்க ஆரம்பித்தால் ஒரு சதவீதம்தானே குறைந்தது என்று தோன்றும். உள்ளே போகிற பக்கத்திலிருந்து பாருங்கள், நூற்றில் ஒன்று போனது இப்போது இரண்டு போகிறது, தேய்மானத்துக்கு இரட்டிப்புத் தீனி.

கம்ப்ரசர் காற்று இன்னொரு ஆபத்து. அந்த அழுத்தத்தை நேராகக் காகிதத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். சிலர் சுவரில் தட்டுவார்கள், அதில் ஓரத்து ரப்பர் நெளிந்து போகும். எனக்குத் தெரிந்து நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சீக்கிரம் தேய்ந்துபோகிற இன்ஜின்களில் ஃபில்டர் தரக்குறைவாக இருந்ததைவிட, ஃபில்டரைச் சுற்றி ஓட்டை இருந்ததுதான் அதிகம். டப்பா மூடியில் நாலு கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கும், ஒன்று உடைந்து ஒன்று காணாமல் போயிருக்கும். ஃபில்டர் ஒரு பக்கம் சரியாக உட்காராமல் மூடியை அழுத்தி மூடியிருப்பார்கள். டப்பாவிலிருந்து த்ராட்டிலுக்குப் போகிற ரப்பர் ஹோஸ் மடிப்பில் வெடித்திருக்கும், அதற்கு மேல் இன்சுலேஷன் டேப். காற்று எப்போதும் எளிதான வழியைத்தான் தேடும். உலகத்திலேயே விலை கூடிய ஃபில்டர் போட்டாலும் அதைத் தாண்டி ஒரு இடுக்கு இருந்தால் தூசு அது வழியாகத்தான் போகும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஃபில்டரை எடுத்துவிட்டு, இன்ஜின் பக்கம் போகிற குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். கறுப்பு எண்ணெய்ப் பசை கொஞ்சம் வரலாம், அது இன்ஜினின் ஆவி, பரவாயில்லை. நறநறவென்று மண் வந்தாலோ, ஃபில்டர் ஓரத்திலிருந்து உள்பக்கமாகக் கோடு போட்ட மாதிரித் தூசு ஓடியிருந்தாலோ, அங்கேதான் கசிவு. இதை ஆயில் மாற்றும்போதெல்லாம் பார்த்தால் போதும்.

ஃபில்டரை எப்போது மாற்ற? வண்டிக்கு வண்டி கையேட்டில் 20,000-லிருந்து 40,000 கிலோமீட்டர் வரை போட்டிருப்பார்கள், தூசு வழி என்றால் அதற்கு முன்பே என்றும் அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். உங்களுக்கு அந்தச் சின்ன எழுத்துதான் பொருந்தும். பாதிக் கணக்கில் மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாய் விஷயம். நடுவில் ஒரு தடவை எடுத்து, குப்பையும் இலையும் இருந்தால் மெதுவாகத் தட்டிவிட்டு, டப்பாவின் அடியை ஈரத்துணியால் துடைத்து மாட்டுங்கள்.

உப்புக்காற்றையும் சொல்லிவிடுகிறேன், குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்தும் இதே கேள்வி வந்திருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும், கடற்கரையில் ராத்திரியெல்லாம் அப்படித்தான் இருக்கும். தூசோடு உப்பு சேர்ந்த ஃபில்டர் ஈரமாகி, காய்ந்து, மறுபடி ஈரமாகி மடிப்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும். கையால் தொட்டுப் பார்த்து விறைப்பு போயிருந்தால் கிலோமீட்டர் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். டப்பா மேல் இருக்கிற சென்சாரின் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

நான் தக்கலையில் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். கார் மைலேஜ் 18-லிருந்து 15-க்கு இறங்கிவிட்டது. சர்வீஸில் ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டது, அதனால்தான் என்று சொல்லி மாற்றினார்கள். ஒரு மாதம் ஆகிறது, மைலேஜ் அப்படியேதான் இருக்கிறது. ஃபில்டர் போலியாக இருக்குமா?
– தக்கலை வாசகி

ஃபில்டர் நல்லதாகவே இருக்கலாம் டீச்சர், காரணம்தான் தப்பு.

ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் விழும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு, அந்தக் காலத்தில் அது உண்மையும்கூட. கார்புரேட்டரில் பெட்ரோலை இழுப்பதே காற்றின் உறிஞ்சல்தான். முன்னால் ஃபில்டர் அடைத்தால் உறிஞ்சல் கூடி, பெட்ரோல் தேவைக்கு மேல் வந்து, கறுப்புப் புகையாகப் போகும். இப்போதைய வண்டியில் எவ்வளவு காற்று வந்தது என்று ஒரு சென்சார் கணக்குப் பார்க்கிறது, எரிந்து வெளியே போகிற புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று சைலன்சர் பக்கம் இன்னொன்று பார்க்கிறது, கம்ப்யூட்டர் அதற்குத் தக்கபடிதான் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைத் திறக்கிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும். நீங்கள் உங்களை அறியாமலே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்து ஈடுகட்டிவிடுவீர்கள். த்ராட்டில் தகடு பண்ண வேண்டிய தடையில் ஒரு பகுதியை ஃபில்டர் பண்ணிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் இதை வைத்துச் சோதனையே செய்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு பெட்ரோல் இன்ஜின்களில் ஃபில்டரை அடைக்க வைத்து ஓட்டிப் பார்த்ததில் மைலேஜில் சொல்லும்படி மாற்றம் இல்லை. முழுசாக மிதித்து வேகம் எடுக்கிற நேரம் மட்டும் நன்றாக நீண்டது, சுத்தமான ஃபில்டர் போட்டால் அதில் 6-லிருந்து 11 சதவீதம் வரை மீட்கலாம் என்பது அவர்கள் கண்டது. ஏனென்றால் முழுசாக மிதித்த பிறகு த்ராட்டிலில் திறக்க மிச்சம் எதுவும் கிடையாது.

அதனால் வில்லுக்குறி ஏற்றத்தில் லாரியைத் தாண்ட முடியவில்லை என்றால் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். மைலேஜ் என்றால் முதலில் டயர் காற்று. அப்புறம் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டு நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கும் பள்ளிக்கும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிற வண்டி என்றால் இன்ஜின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும், அதில் 15 வருவதே பெரிது. இதெல்லாம் சரியாக இருந்தால் ஆக்சிஜன் சென்சாரையும், காற்றை அளக்கிற சென்சாரையும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆரல்வாய்மொழி வழியாக தினமும் போகிறேன். ஆடி மாதத்தில் எதிர்க்காற்று வண்டியையே தள்ளுகிறது. முன்னால் இருந்து அவ்வளவு காற்று அடித்தால் இன்ஜினுக்குக் கூடுதல் காற்று போய் பவர் கூட வேண்டுமே, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறதே?
– தோவாளை வாசகர்

நல்ல கேள்வி. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற காற்று இன்ஜினுக்குள்ளும் தள்ளாதா என்று யாருக்கும் தோன்றும். வண்டி 80 கிலோமீட்டர் வேகம், எதிர்க்காற்று 40, ஆக 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மூக்கில் மோதுகிறது. அந்த மோதலை அப்படியே சிந்தாமல் சிதறாமல் குழாய்க்குள் பிடித்தாலும் அழுத்தம் கூடுவது முக்கால் சதவீதம்கூட வராது. அதே நேரத்தில் வண்டியின் முகத்தில் காற்று தடுக்கிற விசை, காற்றே இல்லாத நாளில் 80-இல் போகிறதைவிட இரண்டேகால் மடங்கு. வரவு அரை ரூபாய், செலவு நூறு. மூன்றாவது கியரில் போங்கள், தப்பே இல்லை.

பானெட்டில் கொம்பு மாதிரி வைத்துக்கொண்டு ‘ரேம் ஏர்’ என்று சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான். பெரிய வேகத்தில் ஓடுகிற பைக்குகளில் அதற்குக் கொஞ்சம் பலன் உண்டு, 300 கிலோமீட்டர் வேகத்தில் கணக்கு வேறு.

கன்னியாகுமரியில் டாக்சி ஓட்டுகிறேன், டர்போ டீசல். ஏற்றத்தில் கறுப்புப் புகை தள்ளுகிறது, பிக்கப்பும் இல்லை. ஃபில்டர் புதுசு. இன்ஜெக்டர் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள்.
– கன்னியாகுமரி வாசகர்

இன்ஜெக்டருக்குப் போவதற்கு முன்னால் சில நூறு ரூபாயில் முடிகிற ஒன்றைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். ஃபில்டர் புதுசு என்கிறீர்கள், அப்படியானால் டர்போ அழுத்திக் கொடுத்த காற்று வழியில் எங்கேயோ ஒழுகுகிறது. டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகிற இரண்டு தடித்த ஹோஸ்களையும் தடவிப் பாருங்கள், அடிப்பக்கத்தில், கிளாம்ப் ஓரத்தில், ஆயில் ஈரம் பூத்திருக்கும் இடத்தில் வெடிப்பு இருக்கும். நிற்கிற வண்டியில் தெரியாது, மிதித்து அழுத்தம் ஏறும்போதுதான் வாயைத் திறக்கும். ஏற்றத்தில் ‘உஸ்’ என்று சத்தம் கேட்டால் கிட்டத்தட்ட உறுதி.

ஹோஸ் சரியாக இருந்தால் அடுத்தது இஜிஆர். புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்புகிற அந்த வழியில் கரியும், இன்ஜின் ஆவியின் எண்ணெயும் சேர்ந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற குழாயில் (மேனிஃபோல்ட்) தார் மாதிரி அப்பிக்கொள்ளும். பல வருஷம் சன்ரைஸ் பாயிண்ட், சுசீந்திரம், வட்டக்கோட்டை என்று குறுகிய ஓட்டமே ஓடுகிற டாக்சிகளில் காற்று போகிற துளை பாதியாகச் சுருங்கி இருப்பதைப் பார்க்கலாம். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று, டீசல்காரர்கள் ஃபில்டரில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. டர்போ சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, அந்த வேகத்தில் தூசு பட்டால் இறக்கையின் ஓரமே தேய்ந்து மழுங்கிவிடும். டர்போ விலை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2021 நவம்பர் வெள்ளத்தில் என் காரில் தண்ணீர் ஏறியது. ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், ‘டக்’ என்று நின்றுவிட்டது, இன்ஜினையே பிரிக்க வேண்டியதாயிற்று. ஃபில்டர் இருக்கும்போது தண்ணீர் எப்படி உள்ளே போனது?
– நாகர்கோவில் வாசகர்

ஏர் ஃபில்டர் தூசைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. காற்று இழுக்கிற குழாயின் வாய் மூழ்கிவிட்டால் இன்ஜின் தண்ணீரைக் காகிதத்தோடு சேர்த்து இழுத்துவிடும்.

எவ்வளவு தண்ணீர் போதும் தெரியுமா? 1.2 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டர் 300 மில்லி. பிஸ்டன் மேலே வந்ததும் மிச்சம் இருக்கிற இடம் ஏறக்குறைய 33 மில்லி. தண்ணீரை அமுக்க முடியாது. இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல் தண்ணீர் ஒரே சிலிண்டரில் சேர்ந்தால் பிஸ்டன் மேலே வர வழி கிடையாது, பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராட் வளைந்துதான் ஆக வேண்டும். உங்கள் வண்டியில் ‘டக்’ என்று கேட்டது அதுதான். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு போய், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றிய பிறகு தொட்டிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சானல் கரை ரோடு, ஏலாவுக்கு (வயல்வெளிக்கு) நடுவே போகிற தாழ்ந்த ரோடு எல்லாம் எந்த வருஷமும் ஒரு நாளாவது மூழ்கும். உங்கள் வண்டியில் காற்று இழுக்கிற வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு தடவை டேப் வைத்து அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அதைவிட ஒரு முழம் தாழ்வாக இருந்தாலும் எதிரே ஒரு பஸ் வந்தால் அலை பானெட் வரை ஏறும், அந்த அலையில் போன இன்ஜின்கள் நிறைய. ‘கோல்ட் ஏர்’ என்று குழாயை பம்பருக்குக் கீழே இறக்கி வைக்கிற மாடல்களை நம் மாவட்டத்தில் போடவே வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை இருக்கும், அது இல்லாத பாலிசியில் தண்ணீரில் ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்குப் பணம் தர மறுப்பார்கள்.

குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் ஓடுகிற பழைய மகிந்திரா ஜீப், ஆயில் கிண்ணம் வைத்த ஃபில்டர். பேப்பர் ஃபில்டருக்கு மாற்றலாமா?
– குலசேகரம் வாசகர்

ஓடுகிறதை ஏன் மாற்ற வேண்டும்? உங்கள் ஃபில்டரில் காற்று கீழே இறங்கி ஆயிலின் மேல்பரப்பில் சட்டென்று திரும்பும்போது, திரும்ப முடியாத தூசு ஆயிலில் போய் விழுகிறது, மிச்சத்தை மேலே இருக்கிற கம்பிச் சல்லடை பிடிக்கிறது. காகிதம் அளவுக்குப் பொடித் தூசைப் பிடிக்காது, அதுவும் மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறைவு என்பதால் இன்னும் குறைவாகத்தான் பிடிக்கும். ஆனாலும் செம்மண் பாதையில் காகிதம் சீக்கிரம் அடைத்துவிடும், இது அடைக்காது, கிண்ணத்தைக் கழுவி ஆயில் ஊற்றினால் மறுபடி புதுசு.

ஒன்றே ஒன்று, கிண்ணத்தில் போட்டிருக்கிற கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றாதீர்கள். சரிவில் சாயும்போது அந்த ஆயிலை இன்ஜின் இழுத்துக்கொண்டால், டீசல் இன்ஜினுக்கு அதுவும் எரிபொருள்தான், சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். அடியில் சேறு ஒரு விரல் கனத்துக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள்.

பேப்பர் ஃபில்டரை சோப்புத்தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் போடலாமா? – அருமனை வாசகர்

கூடாது. காகிதம் ஊறி, மடிப்பு சரிந்து, துளைகள் விரிந்துவிடும். கழுவிப் போடுகிற வகை வேறு, எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டர். அதிலும் எண்ணெயைக் கூடுதலாகத் தடவினால் அது காற்றை அளக்கிற சென்சாரின் கம்பியில் போய்ப் படிந்து, கணக்கே தப்பாகும்.

டாரஸ் லாரிக்குப் பின்னால் போகும்போது காருக்குள் எம்-சாண்ட் தூசு வாசனை வருகிறது. ஏர் ஃபில்டர் மாற்றியும் குறையவில்லை. – களியக்காவிளை வாசகி

நீங்கள் மாற்றியது இன்ஜினுக்கான ஃபில்டர் அக்கா. காருக்குள் வருகிற காற்றுக்கு ஏசி ஃபில்டர் தனியாக இருக்கிறது, பல வண்டிகளில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இருப்பவர் முன்னால் இருக்கும் கையுறைப் பெட்டியை (குளோவ் பாக்ஸ்) கழற்றினால் பின்னால் தெரியும். சில அடிப்படை மாடல்களில் அந்த இடம் காலியாகவே விட்டிருப்பார்கள், திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அது வரை லாரியைக் கண்டதும் வெளிக்காற்று சுவிட்சை உள்காற்றுக்கு மாற்றிவிடுங்கள்.